நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் (1896–1966)

உடல் அசைவுகளை மூளை எப்படி ஆள்கிறது என்பதை ஆராய்ந்த சோவியத் நரம்பு உடலியலாளர். மாஸ்கோவில் பிறந்தார். தந்தை மனநல மருத்துவர். கணித மேதை செர்கேய் பெர்ன்ஸ்டைன் இவருடைய சிற்றப்பா. மருத்துவம் படித்து, 1922இல் மாஸ்கோவின் மத்திய உழைப்புக் கழகத்தில் சேர்ந்தார்.

தொழிலாளர் திறனை உயர்த்தவே அங்கே ஆய்வு நடந்தது. உளியைச் சுத்தியலால் அடிப்பவர்களின் கைமூட்டுகளில் சிறு மின்விளக்குகளைப் பொருத்தி, அசைவின் தடத்தைப் படமெடுத்தார். கைதேர்ந்தவரின் சுத்தியல் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் அடிக்கு அடி வேறு விதமாக அசைந்தன. அப்படியானால் மூளை ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பவில்லை. ஒவ்வொரு முறையும் கணக்கைப் புதிதாகப் போடுகிறது. தோள் முதல் மணிக்கட்டு வரை மட்டும் கை 7 விதமாக அசையக்கூடியது. இவை இணையும் எண்ணற்ற வழிகளில் ஒன்றை மூளை எப்படித் தேர்கிறது? 'பெர்ன்ஸ்டைன் சிக்கல்' எனப்படும் இக்கேள்வி இயந்திர மனிதத் துறையையும் இன்றுவரை விடவில்லை.

1947இல் வெளிவந்த 'அசைவுகளின் கட்டமைப்பு' நூலுக்கு மறு ஆண்டே ஸ்டாலின் பரிசு கிடைத்தது. ஆனால் ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் அனிச்சைக் கோட்பாடே அரசின் அறிவியலாகிவிட்ட காலம் அது; மூளை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுகிறது என்ற இவருடைய கருத்து அதனோடு ஒத்துப்போகவில்லை. 1950க்குப் பின் கண்டனங்கள் குவிந்தன, ஆய்வுக்கூடம் பறிபோனது. பரிசு கொடுத்த அரசே கதவையும் சாத்தியது. அதன்பின் வீட்டிலிருந்தே எழுதினார். கட்டுரைகளின் ஆங்கிலத் தொகுப்பு, இறந்த மறு ஆண்டில், 1967இல், வெளியாகி மேற்குலகில் பெயர் பரவியது. 1940களில் எழுதிய, கைத்திறன் குறித்த நூல் அச்சேறியது 1991இல்தான்.