பேனல் கதவுக்குள் இருந்த தாள்

குமாரபாளையத்தில், பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லுக்குள் போய்வந்தவர்களுக்குத் தெரியும்: கஞ்சி வாசனை, நீராவிப் புழுக்கம், எதைத் தொட்டாலும் விரலில் ஒட்டும் பஞ்சுத் தூசி. சுவரோரமாக இரும்பு பீரோ மாதிரி பேனல் போர்டு நிற்கும். கதவைத் திறந்தால் உட்பக்கம் தகரத்தில் ஒரு பை. பைக்குள் நாலாக மடித்த தாள். மஞ்சளேறிய வெள்ளையில் நீலக் கோடுகள். மடிப்பு கிழிந்த இடத்தில் செல்லோ டேப். எந்த கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) எதை இழுக்கிறது, டைமர் எங்கே, பதினேழாம் நம்பர் வயர் எங்கே கிளம்பி எங்கே சேர்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். கையால் வரைந்த கன்ட்ரோல் டிராயிங். யாரும் அறிவிக்காமல் அது போய்ச் சேர்ந்துவிட்டது. பேனல் பட்டறையில் சில வருடம் கோடு போட்டுப் பிழைத்தவன் என்ற முறையில் நான் எழுதும் இரங்கல் இது.

ட்ரேசிங் பேப்பரில் மை பேனாவால் வரைவோம். தப்பினால் பிளேடால் சுரண்டுவோம்; கொஞ்சம் அழுத்தினால் தாளில் ஓட்டை விழும், முதலிலிருந்து வரைய வேண்டியதுதான். வரைந்து முடித்ததை ஈரோட்டுக்கோ சேலத்துக்கோ எடுத்துப்போய் அமோனியா பிரின்ட் போடுவோம். மருந்து பூசிய தாள்மேல் ட்ரேசிங்கை வைத்து வெளிச்சம் காட்டி, பிறகு அமோனியா ஆவியில் விட்டால் கோடுகள் நீலமாக எழும். கடைக்குள் நுழைந்ததும் கண் எரியும். இதை ‘ப்ளூபிரின்ட்’ என்றோம், தப்பாகத்தான். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த அசல் ப்ளூபிரின்ட்டில் தாள் நீலம், கோடு வெள்ளை. எங்களுடையது நேர்மாறு. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அந்தத் தாளில் அதிகம் படிக்கப்பட்ட பக்கம் ஸ்டார்-டெல்டா. பெரிய மோட்டாரை 415 வோல்ட்டில் நேரே போட்டால் கரண்ட் எகிறும். அதனால் முதலில் ஸ்டாரில் ஓடவிடுவார்கள்; ஒவ்வொரு காயிலுக்கும் 240 வோல்ட்தான் கிடைக்கும், லைனில் இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும். சில நொடியில் டைமர் டெல்டாவுக்கு மாற்றும். ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் இழுத்துவிட்டால் மூன்று பேஸும் மோதிக்கொள்ளும். ஒன்று இழுத்திருந்தால் மற்றதன் வழி அறுந்திருக்க வேண்டும். இந்த இன்டர்லாக்கைத் தாளில் இரண்டு சின்னக் கோடுகளாகக் காட்டுவோம். ராத்திரி ஷிப்டில் மிஷின் நின்றால் வயர்மேன் தாளைத் தரையில் விரித்து, ஒரு கையில் டெஸ்ட் லேம்ப்பும் மறுகை விரல் கோட்டின்மேலுமாக உட்காருவார். “இது வரைக்கும் சப்ளை வருதுங்கண்ணா, இதுக்கு அந்தாண்டதான் இல்லீங்க.” அந்தாண்டை எது என்று தாள் சொல்லும்.

எனக்கு அந்தத் தாளில் பிடித்தது நாங்கள் வரைந்த நீலக் கோடு அல்ல. அதன்மேல் விழுந்த பென்சில் கோடுகள். மிஷின் மாறிக்கொண்டே இருக்கும். பழுதான டைமருக்குப் பதில் வேறு கம்பெனி டைமர் வரும், ஒரு லிமிட் சுவிட்சைக் கழற்றிவிடுவார்கள், எங்கோ ஒரு ஸ்டாப் பட்டன் கூடும். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் தேதி போட்டுக் குறித்திருப்பார். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டு ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லை. அப்போது தறிப் பட்டறைகளுக்கும் மில்களுக்கும் ஜெனரேட்டர் வந்தது. ஈபி கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் சேர்ந்துவிடாதபடி போட்ட இன்டர்லாக், பல தாள்களில் ஓரமாகப் பென்சிலில் ஏறியது. அந்த வருடங்களில் இந்த ஊர் எப்படி ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி நான் பார்த்ததில்லை.

இறந்தவரைப் பற்றி நல்லது மட்டும் சொல்வது நம் வழக்கம். ஆனால் இந்தத் தாள் பொய்யும் சொல்லும். ஒருமுறை பார்ட்டி கேட்டாரென்று கடைசி நேரத்தில் இன்னொரு ஸ்டாப் பட்டனைச் சேர்த்தேன். அதன் வயருக்கு நான் கொடுத்த எண் மூன்றாம் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தது. வயர்மேன், வயர் முனையில் மாட்டும் பெருலின் நம்பரைப் பார்த்து இரண்டையும் ஒரே டெர்மினலில் முடுக்கிவிட்டார். டெஸ்டிங்கில் ஸ்டாப்பை அழுத்தினால் கான்டாக்டர் விடவே இல்லை. தப்பைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. திட்டு வாங்கியது வயர்மேன், நான் அல்ல. இன்னும் உறுத்துகிறது.

கை வரைதலின் இடத்துக்கு வந்த சாஃப்ட்வேர் இந்தத் தப்பை விடாது. 1982-ல் வந்த ஆட்டோகேடுக்குக் கோடு வெறும் கோடுதான். 1984-ல் ஜெர்மனியில் தொடங்கிய ஈப்ளான் போன்றவற்றுக்கு அந்தக் கோடு ஒரு வயர். ஓர் எண்ணை மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறும். பெருல் பட்டியல், டெர்மினல் பட்டியல், வாங்க வேண்டிய சாமான் கணக்கு எல்லாம் தானே வந்து விழும். அதே மாதிரி இன்னொரு பேனல் என்றால் நாங்கள் நாள் கணக்கில் வரைந்ததைச் சாயங்காலத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். இதை எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை.

பேனலுக்குள்ளேயும் ஆள் மாறிவிட்டது. ரிலேக்கள் இருந்த இடத்தில், நிரல் சொன்னபடி மிஷினை இயக்கும் பி.எல்.சி. பெட்டி. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனலைப் பிரித்து வயரிங் செய்து சலித்துப்போய் 1968-ல் மாற்று வழி கேட்டது. டிக் மார்லியும் கூட்டாளிகளும் தந்த பெட்டிதான் மோடிகான் 084. அவர்கள் நிறுவனத்தின் 84-வது வேலை என்பதால் அந்தப் பெயர். வயர்மேனுக்குப் புரிய வேண்டுமே என்று, ரிலே டிராயிங்கின் ஏணி வடிவத்திலேயே அதற்கு நிரல் எழுத வைத்தார்கள். எங்கள் தாளின் சாயல் இன்றும் அந்தத் திரையில் தெரிகிறது.

ஆனால் அந்தத் திரை மில்லில் இல்லை. பேனல் செய்தவரின் லேப்டாப்பில் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மிஷின் நின்றால் வயர்மேன் முதலில் எடுப்பது டெஸ்ட் லேம்ப் அல்ல, போன். நிரலுக்குப் பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். டிராயிங் கேட்டால் பி.டி.எஃப் வாட்ஸப்பில் வரும். அது டெலிவரி அன்றைய பேனல், இன்றைய பேனல் அல்ல. இடையில் மாறியதெல்லாம் மாற்றியவர் தலைக்குள் இருக்கிறது. அவர் வேறு மில்லுக்குப் போயிருப்பார். சாஃப்ட்வேர் மிச்சப்படுத்திய நேரம் முழுக்கப் பட்டறைக்குப் போனது. ராத்திரி ஷிப்டுக்கு அதில் ஒரு நிமிடமும் வரவில்லை.

புது பேனல் வாங்குகிறவர்கள் பணத்தை முழுதாகக் கொடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: டிராயிங்கைத் தாளில் எடுத்துக் கதவுப் பையில் வைத்துத் தரச் சொல்லுங்கள். கூடவே நூல் கட்டி ஒரு பென்சிலும் தொங்கட்டும். பழைய பேனலை இரும்புக் கடைக்கு எடை போடுகிறவர்கள், ஏற்றுமுன் கதவை ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே தாள் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.