யூ-180: இரண்டே பயணங்களில் முடிந்த ஒரு நீர்மூழ்கியின் வரலாறு

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்காசியாவுக்கு வந்தார் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த செய்திதான். அவரை ஏற்றிவந்த யூ-180 பற்றியோ தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. எழுதியவர்களும் போஸ் இறங்கிய இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் பதினாறு மாதங்கள் அந்தக் கப்பல் இருந்தது. அதன் போக்கை முதலிலிருந்து கடைசிவரை தீர்மானித்தது அதன் இயந்திரங்களே என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிரெமன் நகரின் ஆ.கே. வேசர் தளத்தில் கட்டப்பட்ட யூ-180, 1941 டிசம்பர் 10 அன்று நீரில் இறக்கப்பட்டு, 1942 மே 16 அன்று வெர்னர் மூசென்பெர்க் தலைமையில் கடற்படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 87 மீட்டர்; மேல்மட்டத்தில் மிதக்கும்போது எடை 1,610 டன். ஒன்பது-டி1 என்ற இந்த வகையில் கட்டப்பட்டவை யூ-180, யூ-195 ஆகிய இரண்டு மட்டுமே. வழக்கமான டீசல் இயந்திரங்களுக்குப் பதிலாக, அதிவேகப் படகுகளுக்கென உருவான மெர்சிடிஸ் பென்ஸ் இயந்திரங்கள் ஆறு இவற்றில் பொருத்தப்பட்டன. ஒவ்வொன்றும் 1,500 குதிரைத்திறன். மேல்மட்டத்தில் மணிக்கு 20 கடல் மைலுக்கு மேல் வேகம் கிடைத்தது. அந்த வேகத்துக்கு விலையும் இருந்தது: இயந்திரங்கள் அளவுமீறிச் சூடாகின, கக்கிய புகை தொலைவிலிருந்தே கண்ணில் பட்டது. மறைந்திருப்பதையே பலமாகக் கொண்ட கலத்துக்கு இதைவிடப் பெரிய குறை வேண்டியதில்லை.

1943 பிப்ரவரி 9 அன்று கீல் துறைமுகத்திலிருந்து முதல் பயணம் தொடங்கியது. கப்பலில் போஸும், ஹைதராபாத்தைச் சேர்ந்த அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் இருந்தார்கள். உள்ளே எதைத் தொட்டாலும் டீசல் நாற்றம், ரொட்டிகூட அதில் ஊறியதுபோல் இருந்தது என்று ஹசன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த நெருக்கடியிலும் போஸ் தமது நூலொன்றைத் திருத்துவதிலும், ஜப்பானியத் தலைவர்களிடம் என்ன பேசுவது என்று ஹசனோடு ஒத்திகை பார்ப்பதிலும் ஈடுபட்டிருந்தார்.

அட்லாண்டிக்கைக் கடந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த பிறகு, ஏப்ரல் 18 அன்று யூ-180 தன் முதல் இரையை எடுத்தது: 8,132 டன் கொள்ளளவுள்ள பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பல் 'கார்பிஸ்'. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் உயிரிழந்தனர். விடுதலைப் போராட்டத் தலைவர் ஒருவர் பயணம் செய்த கலமே அந்த மாலுமிகளுக்குச் சாவைக் கொண்டுவந்தது. வரலாற்றாசிரியர் இதைக் கடந்துபோகக் கூடாது.

சில நாட்கள் கழித்து, மடகாஸ்கர் அருகே இந்தியப் பெருங்கடலில், பினாங்கிலிருந்து வந்த ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 காத்திருந்தது. கடல் கொந்தளித்ததால் இரண்டு கலங்களும் உடனே நெருங்க முடியவில்லை. ஏப்ரல் 28 அன்று, அலை தணியாத நிலையிலேயே, போஸும் ஹசனும் ரப்பர் படகில் ஐ-29க்கு மாறினார்கள். மறுபக்கத்திலிருந்து இரண்டு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளும் பெர்லின் தூதரகத்துக்கான சுமார் இரண்டு டன் தங்கமும் யூ-180க்கு வந்தன. அந்த அதிகாரிகளில் ஒருவர் நீர்மூழ்கி வடிவமைப்பாளர் தொமொனாகா ஹிதெயோ. 1945 மே மாதம் ஜப்பானுக்குத் திரும்பும் வழியில், தாம் ஏறியிருந்த ஜெர்மன் நீர்மூழ்கி யூ-234 சரணடைய முடிவெடுத்தபோது அவர் தற்கொலை செய்துகொண்டார்.

போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்தவர்களில் தமிழர்கள் திரளாக இருந்தார்கள்.

யூ-180 திரும்பும் வழியில், ஜூன் 3 அன்று 5,166 டன் கொள்ளளவுள்ள கிரேக்கக் கப்பல் 'போரிஸ்'ஐ மூழ்கடித்துவிட்டு ஜூலையில் போர்தோ துறைமுகத்தை அடைந்தது. தாக்குதல் கணக்கு இவ்வளவுதான்: இரண்டு கப்பல்கள், 13,298 டன். அந்த ஆண்டு மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி 40க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்திருந்தது. தளபதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தாக்குதல் குழுக்களை விலக்கிக்கொண்டிருந்தார்.

இயந்திரக் குறையோடு இனிப் போர்ப் பயணம் இல்லை என்று முடிவாயிற்று. அந்த ஆறு இயந்திரங்களும் கழற்றப்பட்டு வழக்கமான டீசல் இயந்திரங்கள் இரண்டு பொருத்தப்பட்டன. டார்பிடோக் குழாய்களும் நீக்கப்பட்டன. வேட்டைக்குப் பிறந்த கலம் சரக்குக் கலமானது. 1944 ஆகஸ்டில் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் முன்னேறியபோது, ரோல்ஃப் ரீசென் தலைமையில் அது போர்தோவிலிருந்து ஜப்பான் நோக்கிப் புறப்பட்டது. சில நாட்களுக்குள் பிஸ்கே விரிகுடாவில் 56 பேரோடு காணாமல் போனது. கண்ணிவெடியே காரணம் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜூலை 26 அன்று, ஐ-29ஐ அமெரிக்க நீர்மூழ்கி 'சாஃபிஷ்' மூழ்கடித்திருந்தது. அதே மாற்றங்களோடு புறப்பட்ட சகோதரக் கலமான யூ-195 பத்திரமாக பட்டாவியா போய்ச் சேர்ந்தது.

போஸின் பயணத்தைப் பற்றி எழுதுவோர் யூ-180இன் பயணப் பதிவேட்டையும், அதன் பொறியறை பட்ட பாட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.