ஃபெர்மோரைட்: இந்தியாவில் கிடைத்த அரிய கனிமத்தின் பெயர் 2010-ல் ஏன் நீக்கப்பட்டது?

ஹைதராபாத்தில் வேலை பார்ப்பவர் என்றால் பேகம்பேட் மெட்ரோ ஸ்டேஷனை எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். நாட்டின் யுரேனியத்தைத் தேடும் அரசு நிறுவனத்தின் தலைமையகம் அதே பேகம்பேட்டில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அணுக் கனிமங்கள் ஆய்வு மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகம் என்பது அதன் இன்றைய பெயர். 1949-ல் நிலவியலாளர் டி.என்.வாடியா தலைமையில் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் ‘அரிய கனிமங்கள் சர்வே பிரிவு’.

அரிய கனிமம் என்றால் என்ன? ஒரு கல் ‘தனி இனம்’ என்று யார் முடிவு செய்கிறார்கள்? பெயர் வைத்த பிறகு அதை நீக்க முடியுமா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல ஒரே ஒரு கனிமம் போதும். பேகம்பேட்டிலிருந்து வடக்கே, நாக்பூரையும் தாண்டி, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருக்கும் சீதாபார் என்ற ஊரில் கிடைத்தது அது. பெயர் ஃபெர்மோரைட். துல்லியமாகச் சொன்னால், அப்படி ஒரு பெயர் அதற்கு இருந்தது.

யார் இந்த ஃபெர்மோர்?

லூயிஸ் லீ ஃபெர்மோர் 1902-ல் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தவர். பிற்பாடு அதன் இயக்குநரும் ஆனார். இந்தியாவின் மாங்கனீசு சுரங்கங்களை ஊர் ஊராகச் சுற்றி ஆராய்ந்து, 1909-ல் பெரிய தொகுப்பாக வெளியிட்டார். (பயண எழுத்தாளர் பேட்ரிக் லீ ஃபெர்மோர் இவருடைய மகன்தான்.)

சீதாபாரின் மாங்கனீசு தாதுவுக்குள் வெளிர் ரோஜா நிறம் கலந்த வெள்ளையாக ஒரு பொருள் ஓடியிருந்தது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஜி.டி.பிரையரும் ஜி.எஃப்.ஹெர்பர்ட் ஸ்மித்தும் அதை ஆராய்ந்தார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே கால்சியம், ஸ்ட்ரான்சியம், ஆர்சனிக், பாஸ்பரஸ். இந்தக் கலவையில் வேறு கனிமம் அப்போது பதிவாகியிருக்கவில்லை. 1910-11-ல் புதிய கனிமமாக அறிவித்து, ஃபெர்மோரின் பெயரையே வைத்தார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு ஆர்சனேட்டும் இடம்பெற்றது: ஜாபுவா மாவட்டம் காஜ்லி டோங்ரி சுரங்கத்தில் கிடைத்த டிலாசைட். அது ஸ்வீடனில் ஏற்கெனவே தெரிந்த கனிமம். அதனால் பெயர்ச் சண்டை எதுவும் இல்லை, நாமும் அதை விட்டுவிடலாம்.

சரி, ஆர்சனேட் என்றால்?

ஆர்சனிக் அணு ஒன்று நடுவில், அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள். நான்கு பக்கமும் முக்கோணமாக இருக்கும் ஒரு குட்டி பிரமிடை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆர்சனிக்குக்குப் பதில் பாஸ்பரஸ் இருந்தால் அது பாஸ்பேட். தனிம வரிசை அட்டவணையில் பாஸ்பரஸுக்கு நேர் கீழே இருப்பது ஆர்சனிக். இரண்டு பிரமிடுகளுக்கும் மின்சுமை ஒன்றுதான், வடிவமும் ஒன்றுதான். அளவில்தான் சின்ன வித்தியாசம்: பாஸ்பரஸுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே சுமார் 1.53 ஆங்ஸ்ட்ராம், ஆர்சனிக்குக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே சுமார் 1.68. கிட்டத்தட்ட 10 சதவீதம்தான் கூடுதல்.

ஆர்சனேட்டின் வேதியியல் முழுக்க இந்த 10 சதவீத ஆள்மாறாட்டம்தான். பாஸ்பேட் உட்கார வேண்டிய சீட்டில் ஆர்சனேட் போய் உட்கார்ந்துவிடும். கல்லுக்குள் நடந்தால் புதிய கனிமம். உடலுக்குள் நடந்தால் விஷம். செல் தன் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைத் தயாரிக்கும்போது பாஸ்பேட் இடத்தில் ஆர்சனேட் நுழைந்தால், உருவாகும் பொருள் நிற்காமல் உடனே உடைந்துவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் இவ்வளவு கறாராக இருப்பது சும்மா இல்லை.

கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் ஒரு பாக்டீரியா, பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கை வைத்தே டி.என்.ஏ. கட்டுகிறது என்று 2010 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த பரபரப்பு நினைவிருக்கலாம். 2012-ல் மற்ற ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். 2025 ஜூலையில் இதழ் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்றுவிட்டது. ஆள்மாறாட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

உங்கள் பல்லுக்கு இது உறவு

ஃபெர்மோரைட் சேரும் குடும்பத்தின் பெயர் அபடைட். இந்தக் குடும்பத்தின் ஓர் உறுப்பினர் இப்போது உங்கள் வாய்க்குள்ளேயே இருக்கிறார். பல்லின் எனாமல் பெரும்பாலும் ஹைட்ராக்சில் அபடைட்தான்: ஐந்து கால்சியம், மூன்று பாஸ்பேட், ஒரு ஹைட்ராக்சில் என்ற கணக்கு. அந்த மூன்று பாஸ்பேட்டில் பெரும்பகுதியை ஆர்சனேட்டாகவும், கால்சியத்தில் கொஞ்சத்தை ஸ்ட்ரான்சியமாகவும் மாற்றிப் போடுங்கள். ஃபெர்மோரைட் வந்துவிட்டது.

மூன்றாவது இடமான ஹைட்ராக்சிலும் நிலையானதல்ல. படிகத்துக்குள் நீள்வாக்கில் குழாய் மாதிரி ஓடும் பாதையில் அது உட்கார்ந்திருக்கும், ஃப்ளோரின் வந்தால் இடத்தைக் கொடுத்துவிடும். ஃப்ளோரைடு டூத்பேஸ்ட் வேலை செய்வதற்கு இந்த இடமாற்றம் ஒரு முக்கியக் காரணம். அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை ஹைதராபாத்காரர்கள் தூரத்தில் போய்ப் பார்க்க வேண்டாம், பக்கத்து நல்கொண்டாவில் ஃப்ளோரோசிஸால் பல்லும் எலும்பும் கெட்டவர்களைக் கேட்டாலே போதும். படிகாரம், சுண்ணாம்பு, ப்ளீச்சிங் பவுடர் போட்டு நீரிலிருந்து ஃப்ளோரைடை அகற்றும் முறைக்கு உலகம் முழுக்க ‘நல்கொண்டா முறை’ என்றே பெயர். ஃபெர்மோரைட்டின் அந்தக் குழாயிலும் ஹைட்ராக்சிலோடு ஃப்ளோரின் கலந்தே இருக்கிறது.

கையில் கிடைத்தால் எப்படி இருக்கும்?

கிடைக்காது என்பதுதான் முதல் பதில். கிடைத்தாலும் ஏமாற்றம்தான்: எண்ணெய் பூசியது போன்ற மினுமினுப்பு, வெளிர் ரோஜா-வெள்ளை நிறம், சிறு மணிகள். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 5, அதாவது ஏறக்குறைய பல் எனாமலின் உறுதி. ஒப்படர்த்தி 3.52. சாதாரண ஹைட்ராக்சில் அபடைட்டுக்கு இது 3.1 முதல் 3.2 வரைதான். காரணம் எளிது. பாஸ்பரஸின் அணு நிறை 31, ஆர்சனிக்குக்கு 75. கால்சியத்துக்கு 40, ஸ்ட்ரான்சியத்துக்கு 87-க்கு மேல். கனமான ஆட்கள் சீட்டைப் பிடித்திருக்கிறார்கள்.

ஆர்சனிக் கனிமங்களைக் கரியின் மேல் வைத்துச் சுட்டால் பூண்டு வாசனை வரும் என்பது பழைய ஆய்வக வித்தை. தயவுசெய்து வீட்டில் முயற்சிக்க வேண்டாம், அந்தப் புகைதான் விஷமே.

கண்ணால் பார்த்து இந்தக் குடும்பத்தை அடையாளம் காண்பது ரொம்பக் கஷ்டம். பெயரிலேயே அது தெரியும். அபடைட் என்ற பெயர் ‘ஏமாற்றுவது’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இதன் ஈய உறவினரான மிமெடைட், பாஸ்பேட் கனிமமான பைரோமார்ஃபைட்டைப் போலவே இருக்கும். அதன் பெயருக்கு அர்த்தம் ‘நகல் செய்பவர்’. யுரேனியம் தேடுபவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. பச்சை நிற டார்பர்னைட்டில் இருப்பது பாஸ்பேட், அதே பச்சையில் வரும் சுனெரைட்டில் இருப்பது ஆர்சனேட். ஆய்வகத்துக்குப் போனால்தான் உறுதி.

பெயர் எப்படிப் போனது?

இனிமேல் வருவது டேட்டாவோடு வேலை செய்பவர்களுக்குப் பழகிய கதை. ஒரே ஆள் இரண்டு பெயரில் பதிவாகியிருந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு வரியை நீக்கி, இன்னொன்றோடு சேர்ப்பீர்கள். கனிம உலகில் அந்த வேலையைச் செய்வது சர்வதேச கனிமவியல் சங்கத்தின் பெயரிடல் ஆணையம். அதன் பட்டியலில் இப்போது 6,000-க்கும் மேற்பட்ட கனிமங்கள் இருக்கின்றன.

அடிப்படை விதி, கிட்டத்தட்ட தேர்தல் மாதிரி. படிகத்தில் ஒவ்வோர் இடத்திலும் எந்தத் தனிமம் அதிகமோ அதற்குத்தான் வெற்றி. ஃபெர்மோரைட்டில் ஸ்ட்ரான்சியம் இருக்கிறது, ஆனால் கால்சியம் அதிகம். பாஸ்பரஸ் இருக்கிறது, ஆனால் ஆர்சனிக் அதிகம். ஃப்ளோரினைவிட ஹைட்ராக்சில் அதிகம். தோற்றவர்களை எல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது கால்சியம், ஆர்சனேட், ஹைட்ராக்சில்.

இதே சேர்க்கையில் 1980-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஃப்ராங்க்ளின் சுரங்கப் பகுதியில் ஒரு கனிமம் விவரிக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய நிலவியலாளர் ஜான் பாமின் பெயரால் அதற்கு ஜான்பாமைட் என்று பெயர். அதன் படிகம் அறுகோண அமைப்பு.

1991-ல் ஃபெர்மோரைட்டின் மூல மாதிரியையே எடுத்து எக்ஸ்-கதிர் மூலம் அணு அமைப்பைக் கண்டறிந்தார்கள். 80 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் துண்டு பத்திரமாக இருந்ததால்தான் இது சாத்தியமானது. அருங்காட்சியகங்களுக்கு எதற்குச் செலவு என்று கேட்பவர்கள் கவனிக்க. முடிவு: இதன் படிகம் அறுகோணத்திலிருந்து இம்மியளவு விலகிய ஒற்றைச்சரிவு அமைப்பு. அதாவது வேதியியலில் ஜான்பாமைட், வடிவத்தில் சின்ன விலகல்.

அந்த விலகல் தனிப் பெயருக்குப் போதுமா? 2010-ல் அபடைட் குடும்பம் முழுவதையும் ஒழுங்குபடுத்திய ஆணைய அறிக்கை, போதாது என்றது. குடும்பத்தை ஐந்து பிரிவுகளாகப் பிரித்தது. அடிப்படைக் கட்டமைப்பு ஒன்றாக இருக்கும்போது, லேசாகச் சரிந்த வடிவத்தைத் தனி இனமாகக் கணக்கில் எடுக்க மாட்டோம், பெயருக்குப் பின்னால் ‘எம்’ என்ற எழுத்தை மட்டும் சேர்ப்போம் என்றது. ஃபெர்மோரைட், ‘ஜான்பாமைட்-எம்’ ஆனது. இந்தியாவை மட்டும் குறிவைத்த முடிவு அல்ல இது. க்ளைனோமிமெடைட் என்ற பெயரும் அதே அறிக்கையில் ‘மிமெடைட்-எம்’ ஆகிப்போனது.

விதி புரிகிறது, தர்க்கமும் சரி. ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். வழக்கமாக இப்படிப்பட்ட இணைப்புகளில் பழைய பெயருக்குத்தான் முன்னுரிமை. இங்கே ஏறக்குறைய 70 ஆண்டு இளைய பெயர் நின்றது, மூத்தது போனது. இரண்டையும் இணைத்து ஃபெர்மோரைட் என்றே வைத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது என்பது என் கருத்து.

இதனால் யாருக்கு என்ன?

ஆர்சனிக் கழிவைச் சுண்ணாம்பு போட்டுக் கட்டிப்போடுவது தொழிற்சாலைகளில் பழைய வழக்கம். அப்போது உருவாகும் கால்சியம் ஆர்சனேட்டுகளில் ஜான்பாமைட் வகை அமைப்பும் ஒன்று. பாறை மாதிரி ஆகிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று தோன்றும். ஆனால் கால்சியம் ஆர்சனேட்டுகளைக் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்லச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றி, ஆர்சனிக்கைத் திரும்ப நீரில் விட்டுவிடும். குழிக்குள் இருப்பது எந்தக் கட்டம், எந்த அமைப்பு, எவ்வளவு கரையும் என்று தெரியாமல் ‘பாதுகாப்பாகப் புதைத்தோம்’ என்று யாராவது அறிக்கை கொடுத்தால் நம்ப வேண்டாம். வகைப்பாடு என்பது வெறும் பெயர்ப் பலகை வேலை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மற்ற பெயர்கள் என்ன ஆயின?

சீதாபார் இழந்தது ஒரு பெயரை மட்டும் அல்ல. ஃபெர்மோர் அந்த ஊரின் பெயரிலேயே சீதாபாரைட் என்று ஒரு கனிமத்தை அறிவித்தார். அது 1897-லேயே அமெரிக்காவில் பெயர் பெற்ற பிக்ஸ்பைட்தான் என்று பிறகு தெரிந்தது. அங்கே மூத்த பெயர் வென்றது, நியாயம்தான். ஃபெர்மோரைட்டுக்குப் பெயர் வைத்த பிரையரின் பெயரால் இருந்த பிரையரைட்டும் இன்று பட்டியலில் இல்லை, ஈஷினைட்டின் ஒரு வகையாகிவிட்டது. இன்னொருவரான ஹெர்பர்ட் ஸ்மித்துக்கு மட்டும் யோகம்: 2004-ல் சிலியிலிருந்து வந்த ஹெர்பர்ட்ஸ்மித்தைட், இன்று குவாண்டம் இயற்பியலாளர்கள் விரட்டி விரட்டி ஆராயும் படிகம்.

ஃபெர்மோர் 1906-ல் காஜ்லி டோங்ரி தாதுவுக்கு, தன் இயக்குநர் டி.எச்.ஹாலந்தின் பெயரால் வைத்த ஹாலண்டைட் இன்றும் நிற்கிறது. அதே படிக அமைப்பைத்தான் அணுக்கழிவின் சீசியத்தைப் பூட்டிவைக்க ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய சின்ராக் என்ற செயற்கைப் பாறையில் பயன்படுத்துகிறார்கள்.