வட்டம் சொல்லாத காரணம்: விலங்குத் தோல் தொற்றுகளில் உருவமும் நுண்ணோக்கியும்

நாயின் அடிவயிற்றில் ஒரு வட்டம். ஓரத்தில் உரியும் செதில், நடுவே கறுத்த தோல். பார்த்ததுமே வீட்டார் ‘படர்தாமரை’ என்பார்கள். மருந்துக்கடைக்காரரும் அதை ஆமோதித்துப் பூஞ்சைக் களிம்பை எடுத்துத் தருவார். அவசரத்தில் கால்நடை மருத்துவரும் சில சமயம் அதே முடிவுக்கு வந்துவிடுகிறார். ஆனால் நாய்களில் இத்தகைய வட்டங்களுக்குப் பெரும்பாலும் காரணம் பூஞ்சை அல்ல, ஸ்டெஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா. புண்ணின் உருவம் தோலின் எதிர்வினையைக் காட்டுகிறதே தவிர, கிருமி இன்னது என்று காட்டுவதில்லை. ஆகவே கண்ணால் பார்த்த மாத்திரத்தில் மருந்தைத் தீர்மானிக்கும் வழக்கம் கைவிடத்தக்கது என்பதே என் வாதம்.

இரு வட்டங்களும் உண்டாகும் விதமே வேறு. பாக்டீரியா கொம்புப்படலத்துக்குச் சற்றுக் கீழே சீழ்க்கொப்புளத்தை எழுப்புகிறது. அதன் சில வகைகள் சுரக்கும் நச்சு, தோல் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் டெஸ்மோக்ளின்-1 புரதத்தை அறுத்துவிடுகிறது. நாயின் மேல்தோல் மெல்லியது என்பதால் கொப்புளம் சீக்கிரமே உடைந்து, வெளிநோக்கி விரியும் செதில் வளையம் மட்டும் எஞ்சுகிறது. பூஞ்சையோ முடியிலும் கொம்புப்படலத்திலும் உள்ள கெராட்டினைத் தின்று வாழ்வது. நடுப்பகுதியில் அழற்சி அதை அடக்க, ஓரத்தில் அது முன்னேறிப் போகிறது. வளையத்தின் செதிலை மெல்ல உயர்த்தி, அடியில் ஸ்லைடை அழுத்தி எடுத்துச் சாயமேற்றிப் பாருங்கள். நியூட்ரோபில் வெள்ளணுக்களின் உள்ளே நீலக் கோளங்கள் கிடந்தால் வழக்கு அங்கேயே பாதி முடிந்தது.

கண் ஏமாறுவதற்கு ஒரு பழைய சான்றும் உண்டு. 1915-இல் பெல்ஜிய காங்கோவின் மாடுகளில் வான் சாசெகெம் விவரித்த டெர்மட்டோஃபிலஸ் காங்கோலென்சிஸ், கிளைவிட்டு வளரும் இழைகளைக் கொண்டது. நுண்ணோக்கியிலேயே பூஞ்சைபோலத் தோன்றும் பாக்டீரியா அது. ஆடுகளில் அது உண்டாக்கிய நோய் நெடுங்காலம் பூஞ்சைத் தோலழற்சி என்றே வழங்கியது. மழையில் நனைந்த தோலில் அதன் வித்துகள் கசையிழைகளால் நீந்தி, தோலிலிருந்து வெளிவரும் கரியமில வாயுவை நோக்கி நகர்கின்றன. பொருக்கை நீரில் ஊறவைத்துச் சாயமேற்றினால், ரயில் தண்டவாளம்போல இணையாக ஓடும் கோள வரிசைகள் தெரியும். அதைக் கண்டபின் குழப்பத்துக்கு இடமில்லை. பூஞ்சை மருந்துக்கு இது அசைந்து கொடுக்காது. பெனிசிலினும் ஆக்ஸிடெட்ராசைக்ளினும் இதைக் கட்டுப்படுத்தும்.

‘மருந்து போட்டோம், ஆறிவிட்டது, ஆக அது பூஞ்சைதான்’ என்ற தர்க்கம் நம் மருத்துவமனைகளில் மிகச் சரளமாகப் புழங்குகிறது. கன்றுகளின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் பொருக்காகப் படரும் டிரைக்கோஃபைட்டன் வெருக்கோசம் பூஞ்சைத் தொற்று, பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே ஆறிவிடும். கடைசியாகத் தடவிய எண்ணெய்க்கோ களிம்புக்கோ பெயர் போய்ச் சேரும், அவ்வளவுதான். ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்புகள் இன்னும் மோசம்: சிவப்பும் அரிப்பும் தணிவதால் குணமானதுபோல் தோன்றும், அடியில் தொற்று பரவிக்கொண்டிருக்கும்.

தவறான ஊகத்தின் விலை அந்த ஒரு விலங்கோடு நிற்பதில்லை. காரணம் தேடாமல் செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மெக்-ஏ மரபணுவைத் தாங்கிய பாக்டீரியா வகைகளே பிழைத்துப் பெருகும். அவற்றிடம் செஃபலெக்சின் உள்ளிட்ட பீட்டா-லாக்டம் மருந்துகள் பலிக்காது. இத்தனைக்கும் மேலோட்டமான தொற்றுக்கு மாத்திரை தேவைப்படாத நிலையே அதிகம். 51 நாய்களைக் கொண்டு 2015-இல் வெளியான ஆய்வில், 4 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவும் கரைசலும் வாய்வழி அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு ஈடாகவே பலன் தந்தன. உண்ணி, டெமோடெக்ஸ் சிற்றுண்ணி, ஒவ்வாமை என்று அடியில் கிடக்கும் காரணத்தைத் தீர்க்காவிட்டால் இரண்டுமே தற்காலிகம்தான்.

ஸ்லைடிலும் வரம்பு உண்டு என்பார்கள், நியாயமே. ஸ்டெஃபிலோகாக்கஸும் மலாசீசியா ஈஸ்ட்டும் நலமான நாயின் தோலிலேயே குடியிருப்பவை, ஆகவே தென்பட்டதாலேயே குற்றவாளி ஆகிவிடா. எண்ணிக்கையையும் இடத்தையும் புண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும். செல்லுக்குள் விழுங்கப்பட்ட கோளம் சொல்வதை வெளியே சிதறிய கோளம் சொல்லாது. பூஞ்சைக்கு ஊட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கு துணை. மைக்ரோஸ்போரம் கேனிஸ் தொற்றில் பாதி அளவே ஒளிரும் என்ற பழைய பாடத்தை, உலகக் கால்நடைத் தோலியல் சங்கத்தின் 2017 வழிகாட்டி திருத்திவிட்டது. சிகிச்சை பெறாதவற்றில் பெரும்பான்மை ஒளிரும். செதிலும் களிம்பும் ஒளிர்வது வேறு. முடித்தண்டில் பச்சை ஒளி தெரிய வேண்டும். டிரைக்கோஃபைட்டன் மென்டாக்ரோஃபைட்டஸ் ஒளிராது என்பதால், இருட்டாக இருந்தால் பூஞ்சை இல்லை என்று எழுதிவிடக் கூடாது. முடியைப் பிடுங்கி வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும்.

இந்த வேறுபாடு வீட்டையும் தொடுகிறது. பூனையிடம் மைக்ரோஸ்போரம் கேனிஸ் உறுதியானால் வீட்டுக் குழந்தைகளின் தலையையும் கைகளையும் பார்க்க வேண்டும். உதிர்ந்த முடியை அகற்றித் துணிகளைத் துவைக்க வேண்டும். வளர்ப்புச் சோதனையில் கிருமி இல்லை என வரும்வரை மருந்தை நிறுத்தக் கூடாது. பாக்டீரியாதான் என்று உறுதியான நாயின் செதில் வளையத்துக்கு இவற்றில் எதுவும் வேண்டியதில்லை; வாரம் இரண்டு முறை மருந்துக் குளியல், ஷாம்பூ உடலில் ஊறப் பத்து நிமிடம், அதன்பின் அரிப்பின் மூலம் என்ன என்ற தேடல்.