நேர்கோடும் வட்டமும்: குடலை வெட்டிப் பொருத்தும் இரு கருவிகள்

குடலில் பழுதுபட்ட பகுதியை வெட்டி எடுத்தால், எஞ்சும் இரு முனைகளையும் மீண்டும் ஒன்றாக்க வேண்டும். ஊசியும் நூலும் கொண்டு செய்துவந்த இந்த வேலைக்கு இன்று இரண்டு வகை ஸ்டேப்ளர்கள் உள்ளன. ஒன்று நேர்கோட்டில் பின் அடித்து நடுவே வெட்டும். மற்றது வட்டமாகப் பின் அடித்து உள்ளே வெட்டும். கொள்வனவுப் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வருவதால் ஒன்று இல்லாவிட்டால் மற்றது போதும் என்று தோன்றலாம். அப்படிப் போதாது. கருவியின் வடிவமே அது எங்கே கைகொடுக்கும், எங்கே காலைவாரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. திருகோணமலை போல, பெரிய போதனா வைத்தியசாலைகளிலிருந்து தள்ளியிருக்கும் மாவட்டத்துக்கு இந்த வேறுபாடு ஏட்டுச் சங்கதி அல்ல. எதை முதலில் வாங்கி வைப்பது என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

ஒரே வேர்

இரண்டுக்கும் மூதாதை 1908இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தது. ஹூமேர் ஹூல்ட்ல் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் விக்டர் ஃபிஷர் என்ற கருவி வடிவமைப்பாளரும் சேர்ந்து, இரைப்பையைப் பின் அடித்து மூடும் கருவியைச் செய்தார்கள். இரைப்பையைத் திறக்கும்போது உள்ளே இருப்பது வயிற்றறைக்குள் சிந்திவிடக் கூடாது என்பதே அவர்களுடைய கவலை. அதன் எடை 3 கிலோவுக்கும் மேல். பின் அடித்ததும் நடுவில் கத்தியால் தனியே வெட்ட வேண்டும். 1920களின் தொடக்கத்தில் அதே நாட்டவரான அலாடார் பெட்ஸ் இதை எளிமையாக்கி எடையையும் குறைத்தார்.

அதற்கு அடுத்த பெரிய பாய்ச்சல் சோவியத் நாட்டில் நிகழ்ந்தது. குடலுக்கு, நுரையீரலுக்கு, இரத்தக் குழாய்க்கு எனத் தனித்தனிக் கருவிகள் மொஸ்கோவில் உருவாயின. 1958இல் கீவ் நகருக்குப் போன அமெரிக்க நிபுணர் மார்க் ரவிச் அவற்றைக் கண்டு, தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். சோவியத் கருவிகளில் பின்களைக் கையால் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டியிருந்தது. முன்கூட்டியே பின் நிரப்பி, கிருமி நீக்கிய கார்ட்ரிட்ஜ் என்ற எண்ணத்தை அமெரிக்கர்கள் 1960களின் பிற்பகுதியில் சேர்த்தார்கள். வெட்டும் நேர்கோட்டுக் கருவி அப்போதே சந்தைக்கு வந்தது. வட்டக் கருவி பரவலாவதற்கு 1970களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரு கருவிகளிலும் பின் ஒன்றுதான்: பெரும்பாலும் டைட்டேனியக் கம்பி. கடதாசியில் அடிக்கும் பின் தட்டையாக மடிந்து நெருக்கும். குடலில் அடிக்கும் பின்னோ ஆங்கில ‘பி’ எழுத்தைப் போல வளைகிறது. அந்த இரு வளைவுகளின் இடைவெளியில் நுண்குழாய்கள் நசுங்காமல் இரத்தம் ஓடும். இரத்தம் போகாத ஓரம் அழுகும். அழுகினால் இணைப்பு கசியும். பின் வரிசைகளை ஒன்றுக்கொன்று விலகி நிற்கும்படி அடுக்குவதும் இடைவெளி விடாமல் அடைப்பதற்காகத்தான்.

கோடு எப்படி வேலை செய்கிறது

நேர்கோட்டுக் கருவிக்கு இரு தாடைகள். ஒன்றில் பின்கள், மற்றதில் அவற்றை வளைக்கும் பள்ளங்கள் கொண்ட பட்டடை. குடலின் இரு துண்டுகளையும் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தாடையை நுழைத்து மூடி, விசையைத் தள்ளினால் கத்தியின் இருபுறமும் குறைந்தது இரு வரிசைப் பின்கள் விழுகின்றன. கத்தி கடைசிப் பின்னுக்குச் சற்று முன்னே நின்றுவிடும். இல்லாவிட்டால் வெட்டு பின் வரிசையைத் தாண்டிப் போய்விடும். தீர்ந்த கார்ட்ரிட்ஜை மறுபடி இயக்க முடியாதபடி ஒரு பூட்டும் உண்டு. பின் இல்லாமல் கத்தி மட்டும் ஓடினால் நேரக்கூடியதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சிறு பூட்டின் அருமை புரியும்.

தாடைகளை நுழைத்த வாய் திறந்தே இருக்கும். அதை இன்னொரு கார்ட்ரிட்ஜால் அல்லது நூலால் அடைக்க வேண்டும்.

வட்டம் எப்படி வேலை செய்கிறது

வட்டக் கருவியில் பட்டடை தனியே கழன்று வரும். அதைக் குடலின் மேல் முனைக்குள் வைத்து, சுருக்குப் பையின் கயிற்றை இழுப்பதுபோலச் சுருக்குத் தையல் போட்டு இறுக்குவார்கள். தண்டு ஆசனவாய் வழியாக மேலே வரும். இரண்டும் பூட்டிக்கொண்டதும் குமிழைத் திருகி நெருக்கி, சில விநாடி பொறுத்து இயக்கினால் இரண்டு வட்ட வரிசைகளாகப் பின்கள் விழும். உள்ளிருக்கும் வட்டக் கத்தி வளையமாக வெட்டும். ஆக, இங்கும் நூல் முற்றாக விடைபெறவில்லை. கோட்டில் கடைசியில் வரக்கூடிய நூல் வட்டத்தில் முதலிலேயே வருகிறது.

இடுப்பெலும்புக் குழியின் ஆழத்தில், மலக்குடலின் கீழ்ப்பகுதியில், கையால் தைப்பது மிகக் கடினம். ஊசியைத் திருப்ப இடமில்லை. வட்டக் கருவியின் உண்மையான பெறுமதி அங்கேதான். நிரந்தரமாக வயிற்றில் பை கட்ட வேண்டிய நிலையிலிருந்து பல மலக்குடல் புற்றுநோயாளிகளை அது விடுவித்திருக்கிறது.

திறப்பின் கணக்கு

வடிவங்களின் விளைவை எளிய வடிவியல் காட்டிவிடும். 60 மில்லிமீற்றர் நேர்வெட்டு விரிந்தால் அதன் சுற்றளவு 120 மில்லிமீற்றர். ஏறக்குறைய 38 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குச் சமம். 29 மில்லிமீற்றர் என்று பெயர் பெற்ற வட்டக் கருவியின் கத்தி வெட்டும் விட்டமோ ஏறக்குறைய 20 மில்லிமீற்றர்தான், வெளியளவில் ஒரு பகுதியைப் பின் வரிசைகள் எடுத்துக்கொள்வதால். பரப்பளவில் கோடு தரும் வாசல் மூன்றரை மடங்கு பெரிது. ஆறும்போது எந்தத் தழும்பும் சுருங்கும். பெரிய வாசல் சற்றுச் சுருங்கினாலும் வழி இருக்கும். சிறிய வளையம் சுருங்கினால் அடைப்பாகிவிடும்.

ஆய்வு முடிவுகள் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன. வட்டத்தின் களமான, பெருங்குடலை மலக்குடலுடன் பொருத்தும் சத்திரசிகிச்சையில் கைத்தையலையும் ஸ்டேப்ளரையும் ஒப்பிட்ட கொக்ரேன் தொகுப்பாய்வில் 9 சோதனைகள், 1,233 நோயாளிகள். கசிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. ஆனால் ஒடுக்கம் கைத்தையலில் 2 வீதம், ஸ்டேப்ளரில் 8 வீதம். சிறுகுடலைப் பெருங்குடலுடன் பொருத்துவதை ஆராய்ந்த இன்னொரு தொகுப்பில் 1,125 நோயாளிகள். இங்கே வேலை செய்வது கோடு. ஸ்டேப்ளர் குழுவில் 441 பேரில் 11 பேருக்கும், கைத்தையல் குழுவில் 684 பேரில் 42 பேருக்கும் கசிவு ஏற்பட்டது.

இதை வைத்துக் கோட்டுக்கு மாலை சூட்டிவிடவும் முடியாது. 2015இல் 3,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு ஐரோப்பிய நிபுணர்கள் நடத்திய தணிக்கை, அதே இணைப்பில் ஸ்டேப்ளர் பக்கம் கசிவு சற்றுக் கூடுதல் என்று கண்டது. தேர்ந்தெடுத்த நிலையங்களின் சோதனையில் கிடைக்கும் பலன் அன்றாடத் தியேட்டரில் அப்படியே கிடைப்பதில்லை.

தடிப்பும் சரிபார்ப்பும்

கையால் தைப்பவர் ஒவ்வொரு தையலிலும் திசுவின் தடிப்பை விரலால் உணர்ந்து நூலை இறுக்குவார். கோட்டுக் கருவியில் அந்தத் தீர்ப்பு கார்ட்ரிட்ஜின் நிறத்தைச் சொல்லிக் கேட்கும் கணத்திலேயே முடிந்துவிடுகிறது. பரவலான நிற முறையில் வெள்ளை மெல்லிய திசுவுக்கு, நீலம் சாதாரணக் குடலுக்கு, பச்சை தடித்ததற்கு. மூடியபின் நீலப் பின்னின் உயரம் ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர், பச்சையின் உயரம் 2 மில்லிமீற்றர். அடைப்பால் வீங்கிய குடலில் நீலத்தைப் போட்டால் திசு நசுங்கும். மெல்லிய குடலில் பச்சையைப் போட்டால் இரத்தம் கசியும். வட்டக் கருவிகள் பலவற்றில் நெருக்கத்தைக் குமிழால் கூட்டிக் குறைக்கலாம். சரியான எல்லையை ஒரு பச்சைச் சாளரம் காட்டும். இந்த ஓர் அம்சத்தில் வட்டம் கைக்குச் சற்று நெருக்கமானது.

சரிபார்ப்பிலும் இரண்டும் வேறு. கோட்டை நேரே பார்க்கலாம். இரத்தம் கசியும் இடத்தில் ஒரு தையல் போடலாம். வட்டம் ஆழத்தில் மறைந்திருப்பதால் மறைமுகச் சான்றைத் தேட வேண்டும். கத்தி வெட்டிய இரு வளையத் துண்டுகளும் முழுமையாக இருக்கின்றனவா என்று எடுத்துப் பார்ப்பார்கள். குழியில் உப்புநீர் நிரப்பி, கீழிருந்து காற்றைச் செலுத்தி, குமிழி வருகிறதா என்றும் பார்ப்பார்கள். கோடு பிழைத்தால் சற்று மேலே வெட்டி இன்னொரு கார்ட்ரிட்ஜ் போடலாம். வட்டக் கருவி ஒரே முறைதான் இயங்கும். ஆழத்தில் பிழைத்தால் மறுபடி வெட்டக் கீழே குடல் மிச்சம் இருப்பதே அரிது.

உடலுக்குள் பயன்படும் ஸ்டேப்ளர்கள் பற்றி 2011 முதல் 2018 வரை 41,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகளும், அவற்றில் 366 மரண அறிக்கைகளும் கிடைத்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019இல் அறிவித்தது. 2021இல் அவற்றைக் கடுமையான கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றியது. பின் வரிசை திறந்துகொள்வது, பின் சரியாக வளையாதது, கருவி இயங்காதது ஆகியவை அடிக்கடி வந்த முறைப்பாடுகள்.

திருகோணமலைக்கு எது முதலில்

2018 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படையின் மருத்துவமனைக் கப்பல் மேர்சி திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்தது. 12 சத்திரசிகிச்சைக் கூடங்களும் 1,000 கட்டில்களும் கொண்ட கப்பல், அடுத்த மாதமே வேறு துறைமுகம் நோக்கிப் போய்விட்டது. கப்பலில் உள்ள களஞ்சியத்தை மாவட்ட வைத்தியசாலைக்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது. 2022 மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலையே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. இறக்குமதியை நம்பும் எந்தக் கருவிக்கும் அந்த நிலை மறுபடி வரலாம்.

ஆகவே என் வரிசை இது. முதலிடம் கோட்டுக்கு. குடல் முறுக்கு, சிக்கிய குடலிறக்கம், வீதி விபத்தில் கிழிந்த குடல் எல்லாம் நேரம் பார்த்து வருவதில்லை. கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தூரம். நோயாளி மிக மோசமாக இருந்தால் குடல் முனைகளை இணைக்காமல் இரு கார்ட்ரிட்ஜ்களால் அடைத்து, அவரைத் தேற்றி, பின்னர் பொருத்தலாம். வட்டத்தால் இது முடியாது. வட்டம் தேவைப்படும் மலக்குடல் புற்றுநோய்ச் சிகிச்சை நாள் குறித்துச் செய்வது. அதற்குரிய கருவியை அந்த நோயாளிக்கென்றே வரவழைக்கலாம். அல்லது அதில் தேர்ந்த நிலையத்துக்கு அவரை அனுப்பலாம். அலமாரியில் காலாவதியாகிக் கிடப்பதைவிட அது மேல்.

கோட்டின் வாயை அடைக்கவும் வட்டத்தின் சுருக்கைப் போடவும் தெரிந்த கைதான் கார்ட்ரிட்ஜ் தீர்ந்த இரவில் முழு இணைப்பையும் தைக்கும். பயிற்சி மருத்துவர்கள் ஸ்டேப்ளரைப் பிடிப்பதற்கு முன் கைத்தையலில் தேற வேண்டும் என்பது, இந்த இரு கருவிகளின் வடிவமைப்பே விதிக்கும் நிபந்தனை.