உத்திரமேரூரில் கணக்குக் காட்டாதவர்

காரும் லாரியும் உருவாகும் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகத் தெற்கே சென்றால் உத்திரமேரூர் வரும். அங்கே வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்து ஊர்ச்சபைத் தீர்மானங்கள் இரண்டு வெட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டினது, மற்றது 921-ஆம் ஆண்டினது.

குடவோலை முறையைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். முப்பது குடும்புகள், குடும்புக்கு ஒருவர். பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிப்பார்கள். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கவேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா? எவ்வளவு பட்டறிந்தவர்கள் எழுதிய விதி அது!

ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது குடமல்ல. முதல் ஏற்பாடு இரண்டே ஆண்டில் போதாமற்போய், துஷ்டர்கள் கெட்டு நல்லவர்கள் வாழவேண்டும் என்று சொல்லித்தான் சபையார் மறுபடி கூடினார்கள். அந்த இரண்டாம் தீர்மானம் சொல்கிறது: வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதலாகாது. அவன் மட்டுமா? தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை பிள்ளை ஒருவர் பெயரும் கூடாது. மைத்துனனை முன்னே நிறுத்திப் பின்னாலிருந்து ஆளும் வித்தை நம் காலத்துக் கண்டுபிடிப்பன்று போலும்! தேர்ந்தவருக்கும் 360 நாள்தான் பதவி. பிறகு மூன்றாண்டுகள் ஒதுங்கியிருக்க வேண்டும்.

இதைக் குடியாட்சி என்று கொண்டாடுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது பிரமதேய ஊர். கால்வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உள்ளவன் பெயரே குடத்தில் விழும். படிப்பு மிகுந்திருந்தால் அரைக்கால் வேலி போதும். ஏரி வாரியம் காத்த நீரில் நாற்று நட்டவள் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை.

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அந்தக் கதவை அகலத் திறந்தது. கிராமசபையில் வாக்காளர் எல்லாருமே உறுப்பினர். வரவு செலவுத் திட்டமும் தணிக்கை அறிக்கையும் அவர்கள் முன் வரவேண்டும்.

ஆனால் சபையின் சொல் எவ்வளவு தூரம் செல்லும்? ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே பரந்தூரில் விமான நிலையம் என்று 2022-இல் அறிவிப்பு வந்தது. நிலம் இழக்கவிருந்த ஏகனாபுரத்தார் கிராமசபையில் கூடி எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். அடுத்தடுத்த கூட்டங்களிலும் போட்டார்கள். பராந்தகன் காலத்துச் சபை போட்ட விதிக்கு அரசனின் ஆணையும், உடனமர்ந்த அதிகாரியும் துணை. இந்தச் சபையின் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தவில்லை. 2024-இல் நிலமெடுப்பு அறிவிப்புகள் வெளிவந்தன.