பழுப்புத் தூளும் ரண ஜன்னியும்

பழனிக்கு மேற்கே நெய்க்காரப்பட்டி வட்டாரத்தில் பழுப்பு நிறச் சர்க்கரை என்றால் ஒன்றுதான்: கரும்புச்சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, பாகைத் தேய்த்துத் தூளாக்கிய நாட்டுச்சர்க்கரை. 1980களில் அதே பொருள் தரும் ஆங்கிலப் பெயரோடு சென்னைத் தெருக்களுக்கு வேறொரு தூள் வந்து சேர்ந்தது. பிரவுன் சுகர். முழுதாகச் சுத்திகரிக்கப்படாத ஹெராயின்.

கரும்பு வெட்டும் ஊர்களில், காலில் கட்டை குத்திவிட்டது என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி, "டி.டி. ஊசி போட்டாச்சா?" அந்த ஊசி தடுக்கிற டெட்டனஸ் என்னும் ரண ஜன்னிக்கும் போதை ஊசிக்கும் நூற்றாண்டைத் தாண்டிய உறவு உண்டு. மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்கு ரண ஜன்னி கண்டதை லண்டனின் லான்செட் இதழ் 1876லேயே பதிவு செய்திருக்கிறது. ஹெராயின் அப்போது கடைக்கு வந்திருக்கவில்லை. 1874ல் லண்டன் ஆய்வுக்கூடம் ஒன்றில் முதன்முதலில் உருவான அதை, 1898ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது.

மருந்துக்கடையில் இருந்தவரை அது ஒரு பொருள். தெருவுக்கு வந்தபின் அது பல பொருள்களின் கலவை. நரம்புக்கு வந்த கேட்டில் பெரும்பங்கு அந்தக் கலப்படத்தின் வழியாகவும், கைமாறிய ஊசியின் வழியாகவும் வந்ததுதான்.

நியூயார்க்கில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். 1930களின் தொடக்கத்தில் அந்த நகரத்தில் ஹெராயின் ஊசி போட்டுக்கொண்டவர்களிடையே மலேரியா பரவியது. கொசுவால் அல்ல, ஒருவர் ரத்தம் ஒட்டிய சிரிஞ்சை அடுத்தவர் வாங்கிப் போட்டுக்கொண்டதால். மூளையைத் தாக்கும் கொடிய வகை மலேரியா அது, பலர் இறந்தார்கள். அதன்பின் ஹெராயினில் கொய்னா கலப்பது வழக்கமாயிற்று. மலேரியாவைத் தடுக்கவே கலந்தார்கள் என்பது ஒரு விளக்கம். ஹெராயினைப் போலவே கசப்பதால் கலப்படம் நாக்குக்குத் தெரியாது என்பதும் காரணம். ஆனால் தோலுக்கடியில் ஏற்றிய கொய்னா அங்குள்ள தசையை அரித்துப் புண்ணாக்கும். பிராணவாயு எட்டாத அந்தப் புண்தான் ரண ஜன்னிக் கிருமிக்கு ஏற்ற இடம். 1950களில் நியூயார்க் மருத்துவமனைகளுக்கு, போதை ஊசிப் பழக்கத்தால் தாடை இறுகி வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்களில் பலருக்கு ராணுவத்தில் தடுப்பூசி போட்டிருந்தார்கள். பெண்களுக்கு அந்தக் காப்பு இல்லை. ஒரு நோய்க்குப் பயந்து கலந்ததாகச் சொல்லப்படும் பொருள் இன்னொரு நோய்க்கு வாசல் திறந்துவிட்டது.

கிருமி புண்ணிலேயே தங்கிவிடும். அது கக்கும் விஷம்தான் நரம்பின் வழியே ஏறித் தண்டுவடத்தை அடைகிறது. தசையைத் தளரவிடும் கட்டளை அங்கே அறுந்துபோகிறது. முதலில் வாய் திறக்காது. பிறகு முதுகு வில்லாக வளையும், மூச்சுத் தசைகளும் இறுகும். அத்தனையும் நினைவு தப்பாமல் இருக்கும்போதே நடக்கும். இது பழங்கதையும் அல்ல. 2003-04ல் பிரிட்டனில் போதை ஊசி போட்டுக்கொண்ட 25 பேருக்கு ரண ஜன்னி வந்தது.

ஊசி தொடாமல் புகைத்தவர்களும் தப்பவில்லை. 1982ல் நெதர்லாந்து மருத்துவர்கள், தகரத்தாளில் ஹெராயினைச் சூடாக்கிப் புகையை இழுத்த 47 பேரைப் பற்றி எழுதினார்கள். மூளையின் வெள்ளைப் பகுதி பஞ்சாகிப்போய், நடை தள்ளாடி, பேச்சு குழறியது. 11 பேர் இறந்தார்கள். புகையில் இருந்த எந்தப் பொருள் அதைச் செய்தது என்பது பிடிபடவே இல்லை.

சென்னையிலும் பிரவுன் சுகர் புகையாகத்தான் நுழைந்தது. 1985 நவம்பரில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் 1990களின் முற்பகுதியில் இந்த நகரத்தில் பலர் புகையை விட்டு ஊசிக்கு மாறினார்கள். ஏற்றியது ஹெராயினைக்கூட அல்ல. மருந்துக்கடையில் மலிவாகக் கிடைத்த புப்ரினார்பின் என்ற வலிநிவாரணி. மாறிய காலம் மிகக் கெட்ட காலம். 1986ல்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று தெரியவந்திருந்தது. 2003ல் அரசின் கண்காணிப்புச் சோதனையில், சென்னையில் ஊசிப் பழக்கம் உள்ளவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்தத் தொற்று இருந்தது. அந்த எண்ணைப் படிக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது.

எச்.ஐ.வி. எதிர்ப்புச் சக்தியைக் கரைத்தபின் காசநோயும் பூஞ்சையும் மூளையைச் சூழ்ந்த உறைக்குள் போய்விடுகின்றன. சென்னையில் சிகிச்சை பெற்ற 594 எச்.ஐ.வி. நோயாளிகளைப் பற்றி 2003ல் வெளியான ஆய்வில், 5 சதவீதம் பேருக்குக் பூஞ்சையால் வரும் மூளை உறைக் காய்ச்சல் இருந்தது. இவர்கள் எல்லாரும் ஊசிப் பழக்கம் உள்ளவர்கள் அல்ல. ஆனால் அந்தப் பழக்கம் உள்ளவருக்கு இதோடு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. அழுக்கு ஊசியால் ரத்தத்தில் இறங்கும் கிருமி இதய வால்வில் கூடுகட்டும்; அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதமோ சீழ்க்கட்டியோ உண்டாகும். முதுகெலும்புக்குள் சீழ் கோத்தால் கால்கள் விழுந்துவிடும். முதுகுவலி, காய்ச்சல் என்று மட்டும் சொல்லி ஊசியை மறைக்கிற நோயாளியிடம் மருத்துவர் இதைச் சந்தேகிப்பது கடினம். மறைக்க வைக்கிற பயத்தை நாம்தான் உண்டாக்கி வைத்திருக்கிறோம்.

காசநோயாளிகளுக்காக 1928ல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம், எச்.ஐ.வி. நோயாளிகளின் பெரும் புகலிடமாயிற்று. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய முதல் சில மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. சில ஆண்டுகள் கழித்து, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஊசிக்கு மாற்றுச் சிகிச்சையைக் கையில் எடுத்தது. அதற்கான மருந்து, சென்னைக்காரர்கள் ஊசியால் ஏற்றிக்கொண்ட அதே புப்ரினார்பின். இந்த முறை நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. மையத்துக்கு வருகிறவர் வாயைத் திறந்து காட்டுகிறார். செவிலியர் மாத்திரையை வைக்கிறார். அது கரையும்வரை இருவரும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.